பாதி ஆறு

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்த நாள்காட்டியில், ஆகஸ்டு மாதத்துக்கு மேலே இருந்த படம் என் அண்ணி எடுத்தது. வெள்ளைக் கொக்கு ஒன்று, பின்னால் நீப்பாப் பனைகள், அதற்கும் பின்னால் விடிந்தும் விடியாத வானம். கீழே மலாயில், நம் ஆறு நம் பெருமை என்று எழுதியிருந்தது. பல் மருத்துவரின் கிளினிக்கில் என் முறைக்குக் காத்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, இது நம்ம ஊரா?" என்று என்னிடம் கேட்டார். பல்வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. அந்தப் படத்தில் பாதி இல்லை. அண்ணி எடுத்த படத்தில் அந்தக் கொக்குக்குக் கால்கள் இருந்தன. கால்களைச் சுற்றிச் சாம்பல் நிற நுரை இருந்தது. நுரைக்குள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் துகள்கள் மிதந்தன. ஓரத்தில், கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய் அந்த நுரையைக் கக்கிக்கொண்டிருந்தது. நாள்காட்டி அச்சிட்டவர்கள் கொக்கை வயிற்றோடு வெட்டிவிட்டு, மிச்சமிருந்த கீற்றளவு தண்ணீருக்கு நீலம் பூசியிருந்தார்கள்.

ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கோல சிலாங்கூரிலிருந்து சபாக் போகும் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைச் சொன்னால், அது அந்த ஊர்ப் பிரச்சினை என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். எங்கள் குடும்பம் வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, தொழிலாளர் லயத்தில் இருந்த எங்களுக்கு இங்கே ஒரு தாமானில், புதிதாகக் கட்டிய குடியிருப்பில், வீடு கிடைத்தது. வரிசை வீடுகள், அவற்றின் பின்னால் ஒரு மண் கரை, கரைக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகிற ஒரு சின்ன ஆறு. கடல் பக்கத்தில் இருப்பதால் அது ஒரே பக்கமாக ஓடாது. கடலில் தண்ணீர் ஏறும்போது ஆறு திரும்பி எங்களை நோக்கி வரும். இறங்கும்போது கடலுக்குப் போகும். ஆற்றில் யார் எதைக் கொட்டினாலும், போன வழியே திரும்பி வந்து எங்கள் பின்வாசலில் நிற்கும். வீடு கொடுத்தவர்கள் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. விளம்பரத் தாளில் ஆற்றோர வாழ்க்கை என்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அண்ணி ராசா என்ற ஊரில் பிறந்தவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதயா ஆறுன்னு சொன்னீங்க? இது லோங்காங் லா, கொஞ்சம் பெரிய லோங்காங்" என்றார். சாக்கடையைத்தான் இங்கே நாங்கள் அப்படிச் சொல்வோம். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் கல்யாணப் படம் எடுப்பவர். கோயில் மண்டபங்களில் ஆண்கள் மட்டும் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த காலத்திலேயே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணவறைக்கு முன்னால் மண்டியிட்டுப் படம் எடுத்தவர். இப்போது கல்யாணத்துக்கு முன்பே ஜோடியை வெளியே அழைத்துப் போய்ப் படம் எடுக்கிறார்களே, அதில் அவருக்கு நல்ல பெயர். ஜோடிகளுக்கு எல்லாம் ஆற்றங்கரைதான் வேண்டும். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளி நிறத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரோடு போவேன். அவர் எந்தப் பெண்ணையும் தண்ணீருக்கு நேராக நிறுத்த மாட்டார். நாணல் பூத்த இடமாகப் பார்த்து, தான் தரையோடு படுத்துக்கொண்டு, ஜோடியும் வானமும் மட்டும் தெரியும்படி எடுப்பார். "மாப்பிள்ள பொண்ணு சிரிக்கணும். பின்னாடி சம்பா சிரிக்கக் கூடாது" என்பார். சம்பா என்றால் குப்பை. அது தெரியாமல் ஆற்றங்கரையைக் காட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. அதைப் பற்றி அவருக்கு அப்போது எந்த வருத்தமும் இல்லை. பிழைப்பு அது.

ஒரு மழைக்காலத்தில் எல்லாம் மாறியது. ஆற்றுக்கு மேலே, பழைய செம்பனைக் காட்டை அழித்த இடத்தில், பிளாஸ்டிக் கழிவை அரைத்துக் கழுவி உருக்கும் ஒரு கிலாங், அதாவது தொழிற்சாலை, வந்திருந்தது. பெயர்ப் பலகை கிடையாது; உயரமான தகர வேலி மட்டும். அது வந்த பிறகு ஆறு சில நாள் பால் போலவும் சில நாள் துருப்பிடித்த தகரம் போலவும் வரத் தொடங்கியது. வீட்டில் சன்னலைத் திறக்க முடியாது. தொண்டையில் ஏதோ எரிந்த ரப்பர் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். அந்த மழைக்காலத்தில் கடல் ஏற்றமும் பெருமழையும் ஒன்றாகச் சேர்ந்து, ஆறு கரையைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. நுரையோடு வந்த வெள்ளம் புதிது. சாமி மேடையின் முதல் படிவரை வந்து நின்றது. இறங்கியபோது கூடத்துத் தரையெல்லாம் வண்ணத் துகள்கள், யாரோ குழந்தைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுப் பெருக்காமல் போனது போல.

அண்ணனின் மகளுக்கு அப்போதுதான் பள்ளி வயது. அந்தத் தண்ணீரில் நின்று தன் புத்தகப் பையைத் தேடி எடுத்தவள் அவள். சில நாட்களில் முழங்காலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி, உடைந்து, புண்ணாகிவிட்டது. கிளினிக் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணில எறங்க விடாதீங்க" என்றார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு, "நாங்க எறங்கல டாக்டர். அதுதான் ஏறி வந்துச்சு" என்றார். இரவெல்லாம் பிள்ளை காலைச் சொறியாமல் இருக்க, அண்ணன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எங்கள் வரிசையில் இன்னும் பல பிள்ளைகளுக்கு அதே புண். ஆனால் எல்லோரும் அவரவர் பிள்ளைக்கு மட்டும் களிம்பு தடவிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

அண்ணி நகராண்மைக் கழகத்தில் புகார் செய்யப் போனார். நானும் கூடப் போனேன். முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையானவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காம்பார் அடா?" என்றார். படம் இருக்கிறதா என்று அர்த்தம். பிள்ளையின் காலை அண்ணி காட்டினார். அது கால், ஆறு இல்லையே என்றார் அவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணி மட்டும் ஏதோ வேலை கிடைத்துவிட்டது போல எழுந்தார். வெளியே வந்ததும், "படம்தான வேணும்? எங்கிட்ட போயா கேக்குறாங்க?" என்றார்.

மறுநாளிலிருந்து, பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கரைக்குப் போய்விடுவார். இத்தனை வருடமாக எந்தக் கோணத்தில் நின்றால் ஆறு மறையும் என்று தெரிந்து வைத்திருந்தாரோ, அதற்கு எதிர்க் கோணத்தில் போய் நின்றார். வாய்க்கால் வந்து சேரும் இடம், பசாருக்குப் பின்னால் இறைச்சிக் கழிவு விழும் இடம், பாலத்தடியில் மெத்தைகள் தேங்கிய இடம், எல்லாவற்றையும் எடுத்தார். குழாயைக் கண்டுபிடித்தது அப்படித்தான். புதர் மறைவில், கரையிலிருந்து கை நீட்டியது போல ஒரு கறுப்புக் குழாய். தண்ணீர் ஏறியிருக்கும்போது மூழ்கிவிடும். இறங்கியதும் வெளியே தெரியும். அந்தக் கொக்குப் படம் எடுத்த காலையில் சேறும் நாற்றமுமாக வீட்டுக்கு வந்து, கேமராவை என் கையில் கொடுத்து, "பாவம், அதுக்கு எந்த கிளினிக்கு?" என்றார்.

முதலில் தடுத்தது அதிகாரிகள் இல்லை, நம்மவர்கள்தான். தாமான் சங்கச் செயலாளர் எங்கள் பழைய தோட்டத்துக்காரர். என் அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, "தங்கச்சி, நீ படத்த போடுற. நாளைக்கு இங்க எவன் வீடு வாங்குவான்? இருக்குற வெலையும் விழுந்துடும்மா. பாத்து செய்யி" என்றார். அண்ணி, "அண்ணே, உங்க பேரனுக்கு கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவர் கோப்பைக்குள் பார்த்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. பிள்ளையின் காலில் சீழ் வைத்திருக்கும்போது வீட்டின் விலையைப் பற்றிப் பேச ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வந்தது? ஆனால் அவர் ஒருவரைச் சொல்லி என்ன? தெருவே அப்படித்தான் பேசியது. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றது. பேருக்கு அலைகிறாள் என்றது.

படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பார்க்க வந்தார்கள், தண்ணீர் நன்றாக ஏறியிருந்த ஒரு மத்தியானத்தில். குழாய் மூழ்கிக் கிடந்தது. சோதனையின்போது எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது.

அந்த நேரத்தில்தான் அதே நகராண்மைக் கழகத்தார் ஆற்றைப் பற்றிய புகைப்படப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். அண்ணி கொக்குப் படத்தை அனுப்பினார். "பரிசுக்கு இல்லம்மா. நடுவருங்க யாராச்சும் ஒரு ஆளாவது பாத்துதான ஆகணும்" என்றார். பார்த்தார்கள் போலிருக்கிறது. இரண்டாம் பரிசு என்று தொலைபேசி வந்தது. வீட்டில் எங்களுக்கு ஒரே ஆச்சரியம். அண்ணன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார். செயலாளர்கூட வாழ்த்துச் சொன்னார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு மண்டபத்துக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடையின் பின்திரையில் வெற்றிபெற்ற படங்களைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். முதலில் எனக்கு அது எங்கள் படம் என்றே தெரியவில்லை. நுரை இல்லை, குழாய் இல்லை, நீலத் தண்ணீர். அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. தன் பிள்ளையை யாரோ மொட்டையடித்துக் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்ப்பது போல, அடையாளம் தேடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். பிரமுகர் ஒருவர் பரிசுக் கூடையை நீட்டினார். அண்ணி அதை வாங்கவில்லை. அறிவிப்பாளர் பெண்ணின் கையிலிருந்த மைக்கைத் தனக்குத் தரும்படி கேட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அண்ணி மலாயில் பேசினார். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. "இந்தப் படத்தை நான் எடுக்கவில்லை. நான் எடுத்த படத்துக்குக் கீழே இன்னும் பாதி இருக்கிறது. அதை வெட்டி எடுத்தவர் யாரோ, அவரைக் கூப்பிட்டு இந்தப் பரிசைக் கொடுங்கள். என்னைவிட அவருக்குத்தான் திறமை அதிகம்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். உடனே பாட்டு வைத்தார்கள். பிரமுகர் கூடையைப் பிடித்தபடி, படம் எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்குச் சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. அண்ணி படியிறங்கி வந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வெளியே நடந்தார். யாரும் கைதட்டவில்லை. காரில் ஏறியதும் அண்ணன், "பசிக்குதா? தோசை சாப்டலாமா?" என்று கேட்டார். அதற்குத்தான் அண்ணி அழுதார்.

மேடையில் வேண்டாம் என்று சொன்ன படத்தைத்தான் அடுத்த ஆண்டு நாள்காட்டியில் போட்டார்கள். போட்டிக்கு வந்த படங்கள் எல்லாம் ஏற்பாட்டாளர்களுக்கே சொந்தம் என்று எங்கோ பொடி எழுத்தில் இருந்ததாம். முழுப் படத்தை அண்ணி தன் கைப்பேசியிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்; அது எங்கெங்கோ சுற்றியது. அதன் விலையையும் அவர்தான் கொடுத்தார். பேசி முடித்திருந்த கல்யாணங்கள் சில, ஒரு காரணமும் சொல்லாமல் கைநழுவின. ஒரு பெண்ணின் தகப்பனார் மட்டும் மனம் விட்டுச் சொன்னார்: "ஒன்னும் தப்பா நெனைக்காதம்மா. மண்டபத்துக்கு அவங்ககிட்டதான பெர்மிட் வாங்கணும்."

பிறகு ஒரு நாள் குழாய் காணாமல் போனது. கரையை வெட்டி, சிமெண்டுப் பாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டார்கள். எங்கள் பின்வாசலிலிருந்து பாலம்வரை சுவர் எழுப்பி, அதில் மின்மினிகளும் மீன்களும் மீன்கொத்தியும் வரைந்தார்கள். நடுவில் ஜோடிகள் நின்று படம் எடுத்துக்கொள்ள இதய வடிவத்தில் ஒரு இரும்புச் சட்டம். குழாய் இருந்த இடத்தில் மட்டும் கம்பி வேலி போட்டு, கேமரா படத்தின் மேல் சிவப்புக் கோடு இழுத்த பலகை ஒன்று. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நானும் நம்பினேன். தெருவில் அண்ணியைப் பார்த்துப் பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்த மழைக்குப் பிள்ளைகளின் கால்களில் மறுபடி கொப்புளம் வந்தது. சன்னலைத் திறந்தால் அதே எரிந்த ரப்பர். ஒரு காலை அண்ணி என்னைக் கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். நடு ஆற்றில் ஓர் இடத்தில், உலை கொதிப்பது போலத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குழாயை அவர்கள் எடுக்கவில்லை. நீட்டி, தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னோம். அவர்கள் படத்தைச் சுத்தம் செய்தார்கள். ஒரு சுவருக்குச் சாயம் வாங்க முடிந்தவர்களுக்கு, ஒரு குழாயை அடைக்க முடியவில்லையா?

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் மிகவும் ஏறும். அதே அளவுக்கு இறங்கவும் செய்யும். அண்ணி அதற்காகக் காத்திருந்தார். இந்தமுறை தனியாகப் போகவில்லை. பிள்ளைக்குப் புண் வந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "கேமரா வேணாம்க்கா. கைப்பேசி போதும். வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் வரிசையே கரையில் நின்றது. கைலியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பெண்கள் சேற்றில் இறங்கினார்கள். அவர்களில் செயலாளர் வீட்டு அக்காவும், அவர் மனைவிதான், இருந்தார். "அண்ணன் வரலியாக்கா?" என்று கேட்டேன். "அவரு வீட்டு வெலைக்கு காவல் இருக்காரு" என்றார் அக்கா. சேற்றில் நின்றுகொண்டு அத்தனை பேரும் சிரித்தோம்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் ஒருநாளும் பார்த்திராத அடிச்சேறு வெளியே வந்தது. கடைசியில் குழாயின் வாயும் வந்தது, கக்கிக்கொண்டே. எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. சேற்றையும், குழாயையும், பின்னால் இருந்த மின்மினிச் சுவரையும், கரையில் நின்ற தங்கள் பிள்ளைகளின் கால்களையும் படம் எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அந்தப் படங்கள் அவரவர் அண்ணன் தம்பி, சம்பந்தி, கூட வேலை செய்பவர் என்று போய்ச் சேர்ந்துவிட்டன. இவ்வளவு பேரின் படத்தை எந்தக் கத்தரியாலும் வெட்ட முடியவில்லை.

மறுநாள் காலை, தண்ணீர் இறங்கியிருக்கும்போதே, அதிகாரிகள் வந்தார்கள். மூத்தவர் சிமெண்டுப் பாதையில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. இங்கிருந்தே தெரிகிறது, போதும் என்றார். அண்ணி சேற்றில் நின்றபடி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "கீழ எறங்கி வாங்க சார். மேல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும்." அதை அவருக்கு யாரோ மலாயில் சொன்னார்கள். அவர் தன் காலணிகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினார். குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அவருக்குக் குமட்டியது. செயலாளர் வீட்டு அக்காதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கிலாங்கை மூடினார்கள். குழாயின் வாயில் சிமெண்டு வைத்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம். ஆறு இன்னும் ஆறாகிவிடவில்லை. பசார்க் கழிவும் பாலத்தடி மெத்தைகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் இந்த மழைக்கு அண்ணன் மகளின் கால்கள் சுத்தமாக இருந்தன. தழும்பு மட்டும் போகவில்லை. பள்ளியில் முழங்கால்வரை காலுறை போட்டுக்கொள்கிறாள். அதற்காக யார் மேலும் வழக்கு நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற மாதம் அண்ணியிடம் கல்யாணப் படம் பேச வந்த ஒரு பெண், சபாக் பக்கத்திலிருந்து வந்தவள், பேச்சுவாக்கில், "எங்க ஊர்ல ஆத்தங்கரை வேணாம்க்கா. இப்பல்லாம் நுரையா வருது. கலர் கலரா என்னமோ மெதக்குது" என்றாள். தகர வேலி போட்ட இடம் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். பெயர்ப் பலகை இல்லையாம். எங்கள் ஊரிலிருந்து கழற்றிய இயந்திரங்கள் லோரியில் எந்தப் பக்கம் போயின என்று நாங்கள் யாரும் அன்று கேட்கவில்லை. செயலாளர் இதைக் கேள்விப்பட்டு, "நம்ம ஊரு தப்பிச்சிச்சு இல்ல? விடும்மா" என்றார். அண்ணி வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ரப்பர் பூட்ஸை எடுத்துக் காரில் போட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்தான் காரை ஓட்டினேன். பின்னிருக்கையில் செயலாளர் வீட்டு அக்காவும் வந்தார். அந்த ஊர் ஆற்றங்கரையில் நாங்கள் போய் நின்றபோது தண்ணீர் நிறைந்து, அமைதியாக, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கரையோர வீட்டுப் பெண்கள் சிலர் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, யார் இவர்கள் என்று பார்த்தார்கள். அண்ணி கேமராவை வெளியே எடுக்கவில்லை. வேலியோரமாக அவர்களிடம் போய், தன் பெயரைச் சொல்லி, தன் ஊரைச் சொல்லி, பிறகு கேட்டார்:

"இங்க தண்ணி எப்ப எறங்கும்க்கா?"